சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும் ஏழு பேர்

டி.என்.ஏ. இழைகளை மடித்துச் செய்யும் நுண்கூடுகளைப் பற்றி எழுதும்போது நம்மவர்களுக்குக் கை தானாகப் போய் எடுக்கும் சொல் ஒன்று உண்டு: ஏவுகணை. அது மருந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ரத்தத்தில் பாயும், புற்றுநோய்ச் செல்லைத் தேடிப்பிடித்து அதற்குள் மருந்தைக் கொட்டும், பக்கத்துச் செல்லைத் தொடாது. முடி கொட்டாது, வாந்தி வராது, கீமோவுக்கே வேலை இருக்காது. இதை நம்புவது செய்தி படிப்பவர்கள் மட்டும் அல்ல. நானோ தொழில்நுட்பம் படிக்கிற மாணவர் ஆய்வேட்டின் முதல் பத்தியில் இதைத்தான் எழுதுகிறார், நிதி கேட்டுப் போகிற விண்ணப்பமும் இதைத்தான் சொல்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே பொத்தேரி தொடங்கிச் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள் நிறைந்த பகுதி நம்முடையது. ஆய்வகத்துக்குப் போகிற பிள்ளையும், ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவரும் ஒரே மின்சார ரயிலில்தான் ஏறுகிறார்கள். இருவர் மனத்திலும் இருக்கிற அந்த ஏவுகணைப் படம் தவறு. ஆர்வத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று விட்டுவிடக்கூடிய தவறாக எனக்கு அது தெரியவில்லை. இந்த நுண்கூடு எதில் வல்லது, எதில் வலுவற்றது என்பதையே அது தலைகீழாகக் காட்டுகிறது. சுமை தூக்குவது அதற்கு வராத வேலை. அதற்குக் கைவந்த வேலை, நானோமீட்டர் கணக்கில் இடம் அளந்து பொருத்துவது.

முதலில் பொருளைப் பார்ப்போம். டி.என்.ஏ.வை மரபுச் செய்தியாகப் பார்க்காமல் கட்டுமானப் பொருளாகப் பார்க்கலாம் என்று 1982-ல் முன்வைத்தவர் அமெரிக்க அறிஞர் நெட் சீமன். 2006-ல் பால் ரோத்மண்ட் அதைக் கைக்கு எட்டும் கலையாக்கினார். பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 என்ற வைரஸிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளமுள்ள ஒற்றை இழையை எடுத்துக்கொண்டு, அதன் குறிப்பிட்ட இடங்களைச் சேர்த்துப் பிடிக்கும் 200-க்கும் மேற்பட்ட குட்டி இழைகளைக் கலந்து, சூடாக்கி மெல்ல ஆறவிட்டார். நீண்ட இழை தானே மடிந்து நட்சத்திரமாகவும் சிரித்த முகமாகவும் உருவெடுத்தது. சிக்குக் கோலத்தில் ஒரே கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து உருவம் தருவதை வாசலில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஓரிகாமி என்ற பெயர் நிலைத்தது. டி.என்.ஏ.வின் இரட்டை இழை 2 நானோமீட்டர் தடிமன், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 0.34 நானோமீட்டர். எந்தப் படியில் எதைக் கட்ட வேண்டும் என்று வரைந்து கொடுத்தால் அந்தப் படியிலேயே வந்து நிற்கும். டாக்சோரூபிசின் என்ற பழைய கீமோ மருந்து டி.என்.ஏ. படிகளுக்கு இடையே தானாகச் செருகிக்கொள்ளும் குணம் உடையது. அப்படியானால் இந்தக் கூட்டிலேயே அதை ஏற்றி அனுப்பிவிடலாமே என்ற எண்ணம் வந்தது இயல்புதான். 2012-ல் சீனாவிலும் சுவீடனிலும் அதைச் செய்தும் காட்டினார்கள். ஏவுகணைக் கதை பிடித்துக்கொண்டதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கூட்டில் மருந்தை ஏற்றிவிட்டால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுமா? கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குக் கிளம்பும் ரயிலில் ஆயிரம் பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டி இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். ஆனால் இந்தப் பயணிகளுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாது; கூட்டம் தள்ளுகிற இடத்தில் இறங்குவார்கள். வழியில் எழும்பூர், மாம்பலம், தாம்பரம் மாதிரிப் பெரிய நிலையங்கள்: கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம். பத்து ஆண்டுகளாக வெளியான நானோ துகள் ஆய்வுகளைத் திரட்டி, டொராண்டோவில் வாரன் சானின் குழு 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. எலிக்கு ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தவை, நடு அளவாக எடுத்துக்கொண்டால், 0.7 சதவீதம். ஆயிரம் பேரில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியவர்கள் ஏழு பேர். இறங்கினால் மட்டும் போதாது, வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போக வேண்டும். அதே குழு 2018-ல் அதையும் எண்ணியது. புற்றுநோய்ச் செல்லின் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளை மேலே பூசிய தங்கத் துகள்களில், உரிய செல்லைத் தொட்டவை பத்து லட்சத்துக்கு 14-க்கும் குறைவு. கட்டிக்குள் வந்துவிட்ட துகள்களிலும் பெரும்பாலானவை செல்களுக்கு இடையே உள்ள பிசினில் சிக்கி நின்றன. அல்லது துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிவிட்டன. துகளின் மேல் ஒட்டிய முகவரி அதைக் கட்டியை நோக்கி இழுப்பதில்லை. தற்செயலாகக் கதவருகே வந்து நின்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான். ஏவுகணைக்கு இலக்கும் உண்டு, அதை நோக்கித் திரும்பும் விசையும் உண்டு. இங்கே விசையே கிடையாது.

அந்த எண்கள் தங்கத்துக்கும் கொழுப்புக்கும் பாலிமருக்கும் உரியவை, டி.என்.ஏ. உடம்புக்குச் சொந்தமான பொருள், அதை உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று பதில் சொல்வார்கள். நான் அடிக்கடி பார்க்கிற வாதம் இது, பார்க்கும்போதெல்லாம் வருத்தப்படுகிறேன். உடம்பு தன் டி.என்.ஏ.வைச் செல்லின் உட்கருவுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. அதன் கண்ணில் குப்பை, அல்லது கிருமி. வெட்டிப்போடும் நொதிகள் அங்கே தயாராக இருக்கின்றன. ஓரிகாமிக் கூடு விறைப்பாக நிற்க வழக்கமாகப் பத்து மில்லிமோலாருக்கு மேல் மக்னீசியம் தேவைப்படுகிறது. நம் ரத்தத்தில் இருப்பது ஒன்றுக்கும் கீழே. அதாவது கூடு அவிழ்வதற்கும் அறுபடுவதற்கும் தோதான இடத்தில்தான் அதை ஊற்றுகிறோம். எம்13 இழையோ பாக்டீரியாவின் சாயல் உள்ளது. அந்தச் சாயலை மோப்பம் பிடிக்கவென்றே நம் எதிர்ப்பு அணுக்களில் உணர்விகள் உண்டு. இவற்றைச் சமாளிக்க, 2017-ல் ஹார்வர்டில் வில்லியம் ஷியின் ஆய்வகம் லைசின் சங்கிலியும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த மேலுறை ஒன்றைப் போட்டுக் கூட்டின் ஆயுளைப் பல மடங்கு கூட்டியது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் மேலுறை கூட்டை அவிழாமல் காத்தது. போகும் திசையைத் தரவில்லை.

மருந்து செல்லுக்குள் போனதைப் படம் பிடித்தே காட்டிவிட்டார்களே என்ற கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஆய்வகங்களில் இளம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் உழைப்பது இந்தப் படத்துக்காகத்தான். தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள். மேலே ஊற்றிய டி.என்.ஏ. கூடு, அதில் ஒளிரும் சாயம். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் வெளிச்சம். கூடு உள்ளே போய்விட்டது என்று எழுதுகிறார்கள். மொன்றியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஹனாடி ஸ்லைமன் குழு 2019-ல் இந்த முடிவையே எடுத்து உலுக்கியது. கூடு வெளியிலேயே நொதிகளால் சிதைந்துவிடலாம், சாயம் ஒட்டிய துணுக்குகள் மட்டும் தனியே உள்ளே நுழைந்து ஒளிரலாம், நுண்ணோக்கிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்று அவர்கள் காட்டினார்கள். டாக்சோரூபிசினில் சிக்கல் இன்னும் கூடுதல். அது தானே ஒளிரும், எந்த வண்டியும் இல்லாமல் செல்லின் சவ்வைக் கடந்து தானே உள்ளே போகவும் செய்யும். கூட்டிலிருந்து ஒழுகிய மருந்து உள்ளே போனதா, கூடே தூக்கிக்கொண்டு போனதா என்று வெறும் ஒளியை வைத்து எப்படிப் பிரித்தறிவது? பின்லாந்தில் வேய்க்கோ லிங்கோவின் குழு 2021-ல் இன்னொரு முடிச்சை அவிழ்த்தது: மருந்து ஏற்றும் கரைசலின் காரத்தன்மையும் மக்னீசிய அளவும் மாறினால் டாக்சோரூபிசின் தனக்குள்ளேயே திரண்டுகொள்ளும்; அந்தத் திரளையும் கூட்டில் ஏறிய மருந்தாகத் தவறுதலாகக் கணக்கில் சேர்த்துவிட வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு, தட்டில் ரத்த ஓட்டம் கிடையாது, கல்லீரல் கிடையாது. ரயிலே இல்லாத நிலையத்தில் பயணியை நடைமேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பார், வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்வது போன்றது அந்தச் சான்று.

இதற்கு மேலும் இரண்டு சோதனைகளை எடுத்துக் காட்டுவார்கள். அவை கனமானவை, தட்டிக்கழிக்க மாட்டேன். ஒன்று 2012-ல் டக்ளஸ், பாச்சலெட், சர்ச் மூவரும் செய்த நானோ ரோபோ. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து நானோமீட்டர் அளவில் அறுகோணப் பீப்பாய், இரண்டு பூட்டுகள், செல்லின் மேல் உரிய சாவிகள் இரண்டும் இருந்தால்தான் திறக்கும், ஒன்று மட்டும் இருந்தால் திறக்காது. நம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பெயர் தந்த நரசிம்மர் கதையின் தர்க்கம் இதுவே: பகலும் அல்லாத இரவும் அல்லாத நேரம், உள்ளும் அல்லாத புறமும் அல்லாத வாசற்படி, மனிதனும் அல்லாத மிருகமும் அல்லாத உருவம், எல்லா நிபந்தனையும் ஒருசேரக் கூடினால்தான் இரணியனின் வரம் உடையும். அந்தப் பீப்பாயின் நுட்பத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் நரசிம்மர் இரணியன் உதைத்த தூணிலிருந்தே வந்தார், அவர் எங்கிருந்தும் பயணப்பட வேண்டியிருக்கவில்லை. பீப்பாய் சோதிக்கப்பட்டதும் வளர்ப்புச் செல்களின் நடுவில்தான். எங்கே திறக்க வேண்டும் என்ற அறிவு அதற்கு உண்டு. அங்கே போகும் வழி அதற்குத் தெரியாது.

இரண்டாவது, 2018-ல் பெய்ஜிங்கின் தேசிய நானோ அறிவியல் மையமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. 90-க்கு 60 நானோமீட்டர் டி.என்.ஏ. தாளில் த்ராம்பின் என்ற ரத்தம் உறைய வைக்கும் நொதியை வைத்துக் குழலாகச் சுருட்டினார்கள். கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உள்சுவரில் உள்ள நியூக்ளியோலின் என்ற புரதத்தைத் தொட்டதும் குழல் பிரிந்தது. எலிகளில் கட்டியின் ரத்தக்குழாய் அடைத்தது, கட்டி பட்டினியில் வாடியது. ஏவுகணைக்கு இதுவே சான்று என்கிறார்கள். எனக்கோ இது நேர் எதிரான சான்றாகத் தெரிகிறது. இங்கே கூடு ரத்தக்குழாயை விட்டு வெளியே வரவே இல்லை. கட்டியின் பிசினுக்குள் நுழையவில்லை, புற்றுநோய்ச் செல்லுக்குள் எந்த நஞ்சையும் கொட்டவில்லை. எந்த வேலை தனக்கு வராதோ அதை விட்டுவிட்டு, தான் மிதக்கிற ரத்தத்திலேயே செய்து முடிக்கக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுத்ததால்தான் அது வென்றது. அதற்குப் பிறகும் புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் டி.என்.ஏ. ஓரிகாமி எதற்கும் எந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இன்றுவரை அனுமதி தரவில்லை.

சாதாரணக் கீமோ மருந்தும் மிகச் சிறு பங்குதான் கட்டிக்குப் போகிறது, 0.7 சதவீதத்தைக் காட்டி நானோ மருத்துவத்தை மட்டம் தட்டுவது நியாயமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கான விடை முப்பது ஆண்டு அனுபவத்திலேயே இருக்கிறது. டாக்சோரூபிசின் ரத்தச் சிவப்பான மருந்து. ட்ரிப்ஸ் குழாயில் இறங்கும்போதே நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதன் பெரிய ஆபத்து இதயத்துக்கு. ஆகவே வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் என்று எல்லை வைத்துக் கொடுக்கிறார்கள். அதைக் கொழுப்புக் குமிழுக்குள், அதாவது லிப்போசோமுக்குள் அடைத்த டாக்சில் 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 509 பெண்களிடம் பழைய மருந்தையும் குமிழ் மருந்தையும் ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2004-ல் வந்தது. நோயைக் கட்டுப்படுத்தியதில் இரண்டும் ஏறக்குறைய சமம். இதயப் பாதிப்பு குமிழ் மருந்தில் மிகக் குறைவு. அதற்கு ஈடாகக் குமிழ் வேறொன்றைக் கொண்டுவந்தது: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிவது. சூடான டம்ளரைப் பிடிக்க முடியாது, செருப்புப் போட்டுப் படி இறங்க முடியாது. நானோ மருத்துவத்தின் உண்மையான வெற்றி இப்படித்தான் இருக்கிறது. கட்டியை அது கூடுதலாகத் தாக்கவில்லை, இதயத்தைக் காப்பாற்றியது. இது சின்ன விஷயமா? ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதற்கு அந்த இதயம்தான் வேண்டும். ஏவுகணைக் கண்ணாடி போட்டவருக்கு இந்த வெற்றி தோல்வியாகத்தான் தெரியும். அமெரிக்காவில் டாக்சிலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சன் ஃபார்மா இந்தியாவில் செய்த லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்துகொள்ள 2012-ல் அந்நாட்டு அரசே அனுமதித்தது. இந்த வகை மருந்து நமக்கு எட்டாக் கனி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சுமை தூக்கும் கூலியாகப் பார்ப்பதை விட்டால் டி.என்.ஏ. கூடு வேறு ஆளாகத் தெரிகிறது. ஓரிகாமி வடிவங்கள் எலியின் சிறுநீரகத்தில் போய்ச் சேருவதைக் கண்டவர்கள், கட்டிக்குப் போகாமல் இங்கே நிற்கிறதே என்று தலையில் கைவைக்கவில்லை. அந்தச் சிறுநீரகத்தின் திடீர்ப் பழுதுக்கே அதை மருந்தாக்கிப் பார்த்தார்கள், 2018-ல் எலிகளில் பலன் கண்டார்கள். ரயில் எங்கே நிற்கிறதோ அங்கே கடை போட்ட புத்தி அது. ஷியின் ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட தடுப்பூசி வேலை இன்னும் கூர்மையானது. எதிர்ப்பு அணுவைத் தட்டி எழுப்பும் மூலக்கூறுகளை டி.என்.ஏ. கட்டையின் மேல் வெவ்வேறு இடைவெளியில் நிறுத்திப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு எதிராக வேண்டிய வகைத் தூண்டுதல் 3.5 நானோமீட்டர் இடைவெளியில் சிறப்பாக வந்தது. அதே மூலக்கூறு, அதே அளவு. இடைவெளி மாறினால் விளைவு மாறுகிறது. இந்தத் தடுப்பூசி கட்டியைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. அதே ஆண்டு சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பியோர்ன் ஹோக்பெரி குழு, செல்லைத் தானே சாகச் செய்யும் ஏற்பிகளைத் தூண்ட ஆறு பெப்டைடுகளை 10 நானோமீட்டர் அறுகோணமாக அடுக்கி, அதைக் கூட்டின் குழிவுக்குள் ஒளித்து வைத்தது. கட்டியைச் சுற்றியுள்ள புளிப்பில்தான் அது வெளிப்படும். எலிகளில் கட்டியின் வளர்ச்சி 70 சதவீதம் வரை குறைந்தது. கூட்டுக்குள் நஞ்சு ஏதும் இல்லை. அந்த அறுகோணக் கோலமே மருந்து.

இந்தத் திசையை நமக்கு முன்பே காட்டியவர் சென்னையில் படித்தவர். நுங்கம்பாக்கம் மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2009-ல், செல்லுக்குள் புளிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் உயிரோட்டமாகக் காட்டும் டி.என்.ஏ. பொறி ஒன்றைச் செய்தார். பிறகு இருபது முகம் கொண்ட டி.என்.ஏ. கூட்டில் சாயம் அடைத்து ஒரு புழுவின் உடலுக்குள் அனுப்பி அளந்தார். அவர் அந்தப் பொறியால் எதையும் கொல்லப் போகவில்லை, அளக்கப் போனார். டி.என்.ஏ.வின் இயல்பான திறமை அதுதான் என்று கண்டுகொண்ட வேலை அது. பிற்பாடு அவர் சிகாகோ போய்விட்டார். ஏவுகணை இருக்கிறது என்று எழுதினால் கிடைக்கும் கவனம், அளவுகோல் இருக்கிறது என்று எழுதினால் நம் ஊரில் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மறுமுனையிலிருந்து ஒரு குரல் வரும்: இதெல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டு, காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறவருக்கு இதனால் என்ன? செலவு பற்றிய பழைய வாதம் தேய்ந்துவிட்டது. மியூனிக்கில் ஹென்ட்ரிக் டீட்ஸ் குழு 2017-ல், குட்டி இழைகளையும் பாக்டீரியாவின் வைரஸிலேயே வளர்த்தெடுக்கும் வழியைக் கண்டது. மில்லிகிராமுக்கு 200 யூரோவாக இருந்த விலை 20 சென்ட் அளவுக்கு இறங்கக்கூடும் என்றார்கள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு அருகே திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் கட்ட 2012-ல் 594 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்திலும் அங்கே உற்பத்தி இல்லை. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நொதித்தல் கலனும் தூய்மை அறையும் பயிற்சி பெற்ற கைகளும் ஓட்டத்தில் இல்லாத மாவட்டத்தில், எந்த நுண்கூடும் ஆய்வேட்டை விட்டு வெளியே வராது. நஞ்சு சுமக்கும் கூட்டுக்கு நூறாவது ஆய்வேடு எழுதுவதைவிட, இடைவெளி அளந்த தடுப்பூசிக்கு ஒரு உற்பத்தி வரிசை ஓடினால் வரிசையில் நிற்பவருக்கு நெருக்கமாக வந்திருப்போம்.

நோயாளியின் நம்பிக்கையை ஏன் பறிக்க வேண்டும் என்று கடைசியாகக் கேட்பார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன், ஆனால் நம்பிக்கைக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான வழக்கமான முறையில் சிவப்பு மருந்து 21 நாளுக்கு ஒரு முறை ஏறுகிறது. புது மருந்து வரப்போகிறதாமே, பொறுத்துப் பார்க்கலாமா என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லி ஒரு சைக்கிள் தள்ளிப்போனால், இழப்பு அந்தப் பெண்ணுக்குத்தான். மறைமலைநகரிலிருந்தோ சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தோ அடுத்த சைக்கிளுக்கு ரயில் ஏறுகிறவரிடம் சொல்ல உண்மையான நானோ செய்தி ஒன்று இருக்கிறது, அதற்கு எந்த ஏவுகணையும் தேவைப்படாது. எக்கோ எடுத்துப் பார்க்கும்போது இதயத்தின் துடிப்பாற்றல் குறைந்திருந்தால், லிப்போசோம் வகை எனக்குப் பொருந்துமா, காப்பீட்டுத் திட்டத்தில் அது வருமா, உள்ளங்கை எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் அவர் மருத்துவரிடம் கேட்கலாம்.